அம்மா எழுதாமல் விட்ட வரி

கடலூர் முதுநகர்
21.01.2026

அன்பு மகள் கயல்விழிக்கு அப்பா எழுதுவது,

இங்கே நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளை செந்தமிழ்செல்வனும் அந்தக் குளிரில் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கு ஏற்றும்போது நினைத்துக்கொள்கிறோம். பொங்கல் நல்லபடியாக முடிந்தது. மழையில் மோட்டார் அறைக்குள் தண்ணீர் வந்து மோட்டார் புகைந்துபோனதைச் சொன்னேன் அல்லவா, அதற்குக் காயில் சுற்றிக் கட்டி எடுத்து வந்து மாட்டியாகிவிட்டது. பார்சலில் கருவாடு வைக்கக் கூடாது என்று கூரியர்க்காரர் பிரித்து எடுத்துவிட்டார், அதனால் வடகமும் மிளகாய்த்தூளும் மட்டும்தான் வரும், ஏமாந்துவிடாதே. அம்மாவுக்குக் கண்ணாடி மாற்றியிருக்கிறது, பழையதையே போட்டுக்கொண்டு புதியதைத் தேடுகிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை பேசியபோது, அந்த ஊர்க் கால்பந்து அணி உன்னை டாக்டராகச் சேரச் சொல்லிக் கேட்கிறது, அடுத்த மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும் என்று சொன்னாய். உன் அம்மா "சரிம்மா, யோசிச்சு செய்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை என் கையில் கொடுத்துவிட்டாள். "ஏம்ப்பா, அம்மாவுக்கு இதுல சந்தோஷமே இல்லையா" என்று நீ கேட்டாய். நான் ஏதோ சொல்லி மழுப்பினேன். அதற்குக் காரணம் உண்டு. மூன்று வருடமாக உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்த விஷயம் ஒன்று இருக்கிறது, அம்மாவைக் கேட்டேன், "நீங்களே எழுதிடுங்க, எனக்கு சொல்ல வராது" என்றாள். போனில் சொன்னால் பாதியிலேயே உனக்குக் கோபம் வரும், நானும் விட்டுவிடுவேன், அதனால்தான் கடிதம். உட்கார்ந்து முழுதாகப் படி.

உன் அம்மா மேல் ஒரு வழக்கு நடந்தது கயல். மங்கலம்பேட்டைப் பக்கத்துப் பையன் ஒருவன், இளவரசு என்று பெயர், இருபத்து நான்கு வயது, கபடி ஆட்டக்காரன். ஊர்ப் போட்டியில் ஆடுகிறவன் இல்லை, பெரிய லீகில் ஒரு அணி அவனைச் சம்பளத்துக்கு எடுத்திருந்தது, டிவியில் எல்லாம் வருவான். இரண்டாயிரத்து இருபத்திரண்டு ஆகஸ்டில் குதிகாலுக்கு மேலே பின்பக்கம் வலிக்கிறது என்று பஸ் பிடித்து நம் கிளினிக்குக்கு வந்தான். அம்மா பார்த்துவிட்டுச் சிதம்பரத்துக்கு அனுப்பி ஸ்கேன் எடுத்து வரச் சொன்னாள். கெண்டைக்கால் தசையைக் குதிகாலோடு சேர்க்கிற நாண் இருக்கிறதே, அது நூல் பிரிந்த கயிறு மாதிரி இருக்கிறது, எட்டு வாரம் ஓய்வு என்று கேஸ் ஷீட்டில் எழுதிக் கொடுத்தாள். அவன் கேட்கவில்லை. அடுத்த வாரமே வந்து, "மேடம், ஒரு ஊசி மட்டும் போட்டு வுடுங்க, நான் சமாளிச்சிக்கிறேன்" என்றான். அந்த இடத்தில் ஊசி போட்டால் நாண் அறுந்துபோகும் என்று சொல்லி அம்மா மறுத்துவிட்டாள். அது வரைக்கும் எல்லாம் சரி.

மூன்றாவது முறை, முதலில் வந்து நான்கு வாரம் ஆகியிருந்தபோது, அவனுடைய அம்மா மாரியம்மாளையும் கூட்டிக்கொண்டு வந்தான். மறுவாரம் பயிற்சி முகாம் தொடங்குகிறது, உள்ளூர் டாக்டர் சான்றிதழோடு வராதவர்கள் இடத்தில் வேறு ஆளை எடுத்துவிடுவார்கள் என்றான். அந்த அம்மாள், "டாக்டரம்மா, மூணு வருசமா வெயில்ல கெடந்து இந்த எடத்துக்கு வந்திருக்கான், நீங்கதான் பாத்து பண்ணணும்" என்று கையெடுத்துக் கும்பிட்டார். அந்த நேரம் பார்த்து அணியின் மேலாளர் அவன் போனுக்கே கூப்பிட்டு உன் அம்மாவிடம் பேசினார். "மேடம், இங்க எங்க டாக்டர் இருக்காரு, அவரு பாத்துக்குவாரு, நீங்க முகாமுக்கு வர்றதுக்கு மட்டும் ஒரு லெட்டர் குடுங்க" என்றார். வெளியே நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா எழுதிக் கொடுத்தாள். பயிற்சியில் சேரத் தகுதியானவர், இரண்டு வாரத்தில் மறுபரிசோதனை, அவ்வளவுதான். கொடுக்கும்போது வாயால், "இது முகாமுக்குப் போறதுக்குத்தான். ரெய்டு போகாத, குதிக்காத, மேட்ச் ஆடவே கூடாது" என்று இரண்டு தடவை சொன்னாள். அதைக் காகிதத்தில் எழுதவில்லை. சான்றிதழிலும் இல்லை, கேஸ் ஷீட்டிலும் இல்லை.

இரண்டாவது ஆட்டத்திலேயே அவனை இறக்கிவிட்டார்கள். ரெய்டு போய் எதிர்ப் பக்கத்தில் நுழைந்து திரும்பி எம்பும்போது நாண் அறுந்தது. யாரோ பின்னால் இருந்து உதைத்த மாதிரி இருந்தது, திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லை என்று பின்னால் அவனே சொன்னான். அறுவை சிகிச்சை ஆட்டம் நடந்த ஊரிலேயே நடந்தது. அடுத்த வருடம் எந்த அணியும் அவனை எடுக்கவில்லை. இருபத்து மூன்று மார்ச்சில் டாக்டர் சத்யப்பிரியா என்று அம்மா பெயர் போட்டு வக்கீல் நோட்டீஸ் வந்தது. அம்மா அவனிடம் வாங்கிய ஃபீஸ் ஒவ்வொரு முறைக்கும் முந்நூறு ரூபாய். அவன் கேட்டது மூன்று சீசன் சம்பளம், எண்பத்தாறு லட்சம். நம் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கால் போனால் ஒரு கணக்கு, காலை வைத்தே சம்பாதிக்கிறவனுக்குக் கால் போனால் வேறு கணக்கு என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அணியையும் சேர்த்துத்தான் நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருந்தான், ஆனால் அவன் எங்களிடம் சம்பளம் வாங்கியவன், எங்கள் வாடிக்கையாளர் இல்லை என்று சொல்லி அவர்கள் கழன்றுகொண்டார்கள். அம்மா மட்டும் மாட்டிக்கொண்டாள்.

வருடா வருடம் பாலிசிக்குக் கட்டுகிறோமே, அது எதற்கு என்று நான் தைரியமாகத்தான் இருந்தேன். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருந்து ஒரு பக்கக் கடிதம் வந்தது, தொழில்முறை விளையாட்டு வீரர்களின் வருமான இழப்பு இந்தப் பாலிசியில் அடங்காது, பதினொன்றாவது பக்கம் பார்க்கவும் என்று. பார்த்தேன். இருந்தது. பத்து வருடமாக அந்தப் பக்கத்தை நாங்கள் இருவரும் படித்ததே இல்லை. அந்தச் சமயத்தில் உனக்கு அங்கே பரீட்சை, அடுத்து வீடு மாறினாய், அடுத்து ஏதோ ஒன்று, சொல்ல வேண்டாம் என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம். அது தப்புதான்.

சிதம்பரம் கீழ வீதியில் ராஜசபேசன் என்று ஒரு வக்கீல், மருத்துவ வழக்குகள் பார்ப்பவர், அவரிடம் போனோம். நல்ல மனிதர், நிதானமாகப் பேசுவார். கேஸ் ஷீட்டை மூக்குக் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு மூன்று தடவை படித்தார். "மூணாவது விசிட்ல மேட்ச் ஆடக்கூடாதுன்னு ஒரே ஒரு வரி இருந்திருந்தா இந்தக் கேஸே நிக்காது. இல்லையே" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை, அவர் மேல் ஒரு குறையும் இல்லை. ரயிலில் திரும்பி வரும் வழியெல்லாம் அந்த ஒரு வரிதான் என் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

இப்போது எழுதப்போவதைப் படித்துவிட்டு என்னைப் பற்றி நீ என்ன நினைத்தாலும் சரி. அடுத்த நாள் மத்தியானம் அம்மா கிளினிக்கில் இருந்தபோது, வீட்டில் இருந்த அந்தக் கேஸ் ஷீட்டை எடுத்துப் பார்த்தேன். மூன்றாவது பதிவுக்குக் கீழே இரண்டு விரல் அகலத்துக்கு வெறும் இடம். நான் முப்பது வருடம் பொதுப்பணித் துறையில் வரைவாளனாக இருந்தவன், யார் எழுத்தையும் பார்த்து அப்படியே எழுத என் கைக்கு வரும். செய்தித்தாள் ஓரத்தில் அம்மாவின் கையெழுத்தில், ஆங்கிலத்தில், 'நோ மேட்ச் ப்ளே' என்று எழுதிப் பார்த்தேன். ஐந்தாறு தடவையில் படிந்துவிட்டது. அவள் எம் எழுத்தைப் போடும்போது கடைசிக் காலை இழுத்துவிடுவாள், அது கூட வந்துவிட்டது. அவள் சொன்னது உண்மைதானே, உண்மையைத்தானே எழுதுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பேனாவைக் கேஸ் ஷீட்டுக்குக் கொண்டுபோகும்போது கேட் சத்தம் கேட்டது. எப்போதும் இரண்டரைக்கு வருகிறவள் அன்று இரண்டு மணிக்கே வந்துவிட்டாள்.

கத்துவாள் என்று நினைத்தேன். செய்தித்தாளை எடுத்துக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். நின்றபடியே சொன்னாள். "ஏங்க, நான் சொன்னேன், அது நெசம். எழுதல, அதுவும் நெசம். இப்ப நீங்க எழுதினா நான் சொன்னதும் பொய்யாப் போயிடும்." அவ்வளவுதான். கேஸ் ஷீட்டைக் கைப்பையில் வைத்துக்கொண்டாள், சாப்பாடு போட்டாள், ரசம் ஊற்றட்டுமா என்று கூடக் கேட்காமல் ஊற்றினாள். மூன்றாம் நாள் காலையில், "வக்கீல் கிட்ட சொல்லிடுங்க, எழுதலன்னு நானே முதல்லயே எழுதிக் குடுத்துடறேன்" என்றாள். அப்படியே பிரமாணப் பத்திரத்தில் எழுதிக் கொடுத்தாள், வாயால் சொன்னேன், எழுதத் தவறினேன் என்று. அந்த இரண்டாவது வார்த்தை வேண்டாமே என்று ராஜசபேசன் கெஞ்சிப் பார்த்தார், கேட்கவில்லை.

இங்கே நுகர்வோர் ஆணையத்தில் பெரும்பாலும் எல்லாம் எழுத்திலேயே முடிந்துவிடும், ஆனால் மருத்துவ விஷயம் என்பதால் இரண்டு பக்கமும் நேரில் கேள்வி கேட்க அனுமதித்தார்கள். இருபத்து நான்கு ஜூலையில் அம்மாவை நிற்க வைத்துக் கேட்டார்கள். எதிர் வக்கீல், "மேட்ச் ஆடக்கூடாதுன்னு எங்கயாவது எழுதியிருக்கீங்களா டாக்டர்" என்றார். "இல்லைங்க" என்றாள். "சொன்னதுக்கு என்ன ஆதாரம்" என்றார். "என்கிட்ட ஒண்ணும் இல்லைங்க" என்றாள். அவர் உடனே ஒரு காகிதத்தை எடுத்து ஆணையத் தலைவர் முன்னால் வைத்தார். மூன்றாவது முறை வந்த அன்றைக்கே அணிக்கு அனுப்புவதற்காக இளவரசு தன் போனில் கேஸ் ஷீட்டைப் படம் எடுத்து வைத்திருக்கிறான், அந்தப் படத்தின் பிரதி. தலைவர் அதையும் அசலையும் பக்கத்தில் வைத்து வரி வரியாக ஒத்துப் பார்த்தார். நான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். நான் பேனாவை எடுத்த அன்றைக்கு அவள் அரைமணி நேரம் கழித்து வந்திருந்தால் என் கையெழுத்து அங்கே கிடந்திருக்கும், டாக்டர் என்கிற பெயரோடு அவள் அந்த அறையை விட்டு வெளியே வந்திருக்க மாட்டாள். அம்மா திரும்பி என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அங்கேயே எழுந்து போயிருப்பேன்.

பிறகு இளவரசின் முறை. இலேசாக இழுத்து இழுத்து நடந்து வந்து நின்றான். ராஜசபேசன் சுற்றி வளைக்கவில்லை, "தம்பி, டாக்டர் உன்கிட்ட மேட்ச் ஆடக்கூடாதுன்னு சொன்னாங்களா இல்லையா" என்று நேராகக் கேட்டார். அவன் வக்கீல் தொண்டையைக் கனைத்தார். பையன் உன் அம்மா பக்கம் பார்த்தான். "சொன்னாங்க சார்" என்றான். "ரெண்டு வாட்டி சொன்னாங்க. நானும் கேம்ப்ல போயி சொன்னேன். அவுங்க, பேப்பர்ல பயிற்சிக்கு வரலாம்னு இருக்குதுல்ல, பின்ன என்னான்னாங்க. நான் சொன்னத யாரு கேப்பாங்க சார், பேப்பரத்தான் பாப்பாங்க." அவன் வக்கீல் ஃபைலை மூடி வைத்துவிட்டார். அவன் சொன்னதில் அம்மாவைக் காப்பாற்றுவதும் இருந்தது, குற்றம் சொல்வதும் இருந்தது, இரண்டும் சரியாகவே இருந்தது. வெளியே வந்தபோது டீக்கடைப் பக்கம் நின்றிருந்தான். என்னைப் பார்த்ததும் கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "மேடம் சாப்பிட்டாங்களா சார், காலைலேர்ந்து நிக்கிறாங்க" என்றான். அவளுக்கு ஒரு டீ வாங்கிக்கொண்டு போனேன்.

நவம்பரில் தீர்ப்பு வந்தது. டாக்டர் வாயால் எச்சரித்தது உண்மை, அதைச் சான்றிதழில் எழுதாதது சேவைக் குறைபாடு, ஆட வைத்தது அணியின் முடிவு, அதனால் சம்பள இழப்பு முழுவதையும் டாக்டர் தலையில் வைக்க முடியாது, ஐந்து லட்சமும் வழக்குச் செலவும் கொடுக்க வேண்டும். மேல்முறையீடு போகலாம், குறையும் என்றார் ராஜசபேசன். "வேணாம் சார், சரியாத்தான் சொல்லியிருக்காங்க" என்று அம்மா முடித்துவிட்டாள். டெபாசிட்டை உடைத்துக் கட்டிவிட்டோம், அதைப் பற்றி நீ கவலைப்படாதே, பணம் அனுப்புகிறேன் என்று ஆரம்பிக்காதே.

பணத்தை விட வேறொன்றுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. அதற்கப்புறம் அம்மா விளையாடுகிறவர்கள் யாரையும் பார்க்கவில்லை. அண்ணாமலை நகரில் இருந்து ஓட்டப்பந்தயம் ஓடுகிற ஒரு பள்ளிக்கூடத்துப் பெண் முழங்காலுக்குக் கீழே வலி என்று வந்தது. புதுச்சேரிக்குப் போய்க் காட்டுங்கள் என்று தொட்டுக்கூடப் பார்க்காமல் அனுப்பிவிட்டாள். அந்தப் பெண்ணின் அப்பா பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். ராத்திரிச் சாப்பாட்டின்போது, "சாதாரண வலிதாங்க அது, பத்து நிமிஷத்துல சொல்லியிருப்பேன்" என்றாள். ஆறு மாதத்துக்கு மேல் இப்படித்தான் போயிற்று.

போன ஜூனில் ஒரு நாள் டோக்கன் எடுத்துக்கொண்டு இளவரசே வந்து நின்றான். ஒரு தொழிற்சாலை அணியில் ஆள் எடுக்கிறார்கள், வேலையும் உண்டு, தகுதிச் சான்றிதழ் வேண்டும், பத்து நாளில் தேர்வு என்றான். எனக்கு வந்த கோபத்துக்கு வெளியே போ என்று சொல்லியிருப்பேன். அம்மா அவனை உள்ளே கூப்பிட்டு, "ஏன்டா, வேற டாக்டரே கெடைக்கலையா" என்று கேட்டாள். "வேற ஆளுங்க கேட்டதும் எழுதிக் குடுத்துடுவாங்க மேடம், எனக்கு நெசமா ஆடலாமான்னு தெரியணும்" என்றான். ஒரு மணி நேரம் பார்த்தாள். கெண்டைக்காலை டேப் வைத்து அளந்தாள், ஒற்றைக் காலில் நிற்க வைத்துக் குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கச் சொன்னாள். நல்ல கால் இருபத்தைந்து தடவை எழும்பியது, அறுத்துத் தைத்த கால் பதினொன்றோடு நின்றுவிட்டது. ஆட்டத்துக்குத் தகுதி இல்லை, இன்ன பயிற்சி செய்யலாம், இன்னது செய்யக் கூடாது என்று ஒரு பக்கம் தமிழிலேயே எழுதி, அவனையே வாசிக்கச் சொல்லி, கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒரு பிரதி கொடுத்தாள். அந்தத் தேர்வுக்கு அவன் போகவில்லை. ஆறு வாரம் கழித்து வந்தான், பதினேழு. இன்னும் ஆறு வாரம் கழித்து வந்தான், இருபத்து மூன்று. அன்றைக்கு எழுதிக் கொடுத்தாள். அதே அணியில் அக்டோபரில் இன்னொரு இடம் வந்தது, எடுத்துக்கொண்டார்கள். இப்போது அவன் ரெய்டு போவதில்லை, ஓரத்தில் நின்று பிடிக்கிறவனாக ஆடுகிறான். அந்த ஓட்டப்பந்தயப் பெண்ணையும் அம்மாவே போன் பண்ணி வரச் சொல்லிப் பார்த்தாள்.

அதனால் நீ சேர வேண்டாம் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. நேற்று அம்மாவிடமே கேட்டேன். "சேரட்டுமே, ஆடுறவங்களுக்கும் ஒரு டாக்டர் வேணும்ல" என்றாள். ஆனால் கையெழுத்துக்கு முன்னால் உன் இன்ஷூரன்ஸ்காரர்களுக்கு எழுதி, சம்பளத்துக்கு ஆடுகிறவனைப் பார்த்தால் பாலிசி உண்டா, அவன் வருமானம் போனால் அதுவும் உண்டா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள். ஆட்டத்தின் நடுவில் நீ வேண்டாம் என்று சொன்னால் மேனேஜர் அதை மீற முடியுமா என்று அணியிடம் கேள். முடியும் என்றால் யோசி. அங்கேயும் ஒரு பையன் கெஞ்சுவான், அவன் அம்மா கெஞ்சுவார், மேனேஜர் போனில் சிரித்துக்கொண்டே பேசுவார், அவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. நீ வாயால் சொன்னதைக் கையாலும் எழுது.

காணும் பொங்கல் அன்று அண்ணாமலை நகர் பக்கம் ஒரு மைதானத்தில் போட்டி, இளவரசு அழைத்திருந்தான். அம்மா அதுவரை ஒரு கபடி ஆட்டம் கூடப் பார்த்ததில்லை. போகலாம் என்று அவளே கிளம்பினாள். எனக்கு முழங்கால் பிடித்துக்கொண்டதால் மைதானத்து வாசலிலேயே மரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன், அவள் மட்டும் உள்ளே போய்க் கயிற்றுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். முக்கால் மணி நேரம் விசிலும் கத்தலுமாக இருந்தது. திரும்பி வந்தபோது முகமெல்லாம் புழுதி, புடவை எல்லாம் மண். யார் ஜெயித்தார்கள் என்று கேட்டேன். தெரியாது என்றாள். கடைசி வரை உட்கார்ந்திருந்தாயே, எப்படித் தெரியாமல் போகும் என்றேன். "அவன் குதிகாலத்தாங்க பாத்துக்கினே இருந்தேன், வேற ஒண்ணும் பாக்கல" என்றாள்.

நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் நல்ல பெயரோடு நீண்ட காலம் இருக்க வேண்டும் என்று இருவரும் ஆசீர்வதிக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை பேசும்போது இந்தக் கடிதம் வந்தது என்று அம்மாவிடம் சொல், செய்தித்தாள் விஷயத்தை மட்டும் அவளிடம் கிளறாதே, என்னைத் திட்டுவதாக இருந்தால் எனக்குத் தனியாகக் கூப்பிட்டுத் திட்டு. வடகம் வந்ததும் டப்பாவில் போட்டு இறுக்கி மூடி வை.

இப்படிக்கு
உன் அன்பு அப்பா
சடையப்பன்